எந்த நான்கு மாதம்

குறும்பனை ஏலப்புரையின் பின்சுவரோரம்
கவிழ்த்துப் போட்ட ஐஸ்பெட்டி எனக்கு நாற்காலி.
வியாகுலமேரி உட்காரவில்லை.
உட்கார்ந்தால் இடுப்பெலும்பு எழும்ப விடாதாம்.
"கேளு பிள்ளே, சட்டுன்னு கேளு.
வள்ளம் கரை பிடிக்கதுக்குள்ள."

படிவத்தில் இருந்ததை இருந்தபடியே வாசித்தேன்.
பூஜ்யம் என்றால் சாவு. ஒன்று என்றால் முழுச் சுகம்.
இந்த வலியோடு பத்து வருஷம்,
அல்லது வலியே இல்லாமல் அதைவிடக் கொஞ்சம்.
எத்தனை வருஷத்தை விட்டுக்கொடுப்பீர்கள்?

"விட்டுக் குடுத்த வருசம் ஆருக்குப் போவும்?"

நாகர்கோவிலில் மூன்று நாள் பயிற்சி தந்தார்கள்,
ஏசி அறை, பதினொரு மணிக்கு உளுந்துவடை.
இதை யாரும் கேட்பார்கள் என்று சொல்லவில்லை.
யாருக்கும் போகாது, சும்மா கணக்குக்கு, என்றேன்.
"ஆருக்கும் போவாத மீனை
நான் ஏலம் விட்டதில்ல."

பிறகு அவளே படிவத்தை எட்டிப் பார்த்தாள்.
"பூஜ்யத்துக்குக் கீழ ஒண்ணும் இல்லியா?"
உண்டு, என்றேன். சாவைவிட மோசமான நிலைகளுக்கு
கழித்தல் குறி போடுவோம்.
"அப்பம் எழுது. எனக்க ஆளு கடலுக்குப் போனாரு.
வரவும் இல்ல, செத்தாருன்னு சீட்டும் இல்ல.
ஏழு வருசம் தாலியோட இருந்தேன்.
அது எத்தனை?"
என் பேனா கட்டத்துக்கு மேலே நின்றது.
"இந்த வலி அதுக்கு மேலதான்," என்றாள்,
ஏதோ எனக்கு உதவி செய்வது போல.

புதிய ஊசியைப் பற்றிச் சொன்னேன்.
குப்பி ஒன்றே முக்கால் லட்சம், மூன்று வாரத்துக்கு ஒன்று.
சராசரியாக நான்கு மாதம் கூட்டித் தரும்.

"எந்த நாலு?"

"ஆனி ஆடின்னா எனக்கு வேண்டாம்.
கடலு பொங்கிக் கெடக்கும், தொண்டைக்கு வேலையில்ல.
ஆவணியில தொடங்கினா கணவா கிட்டும்.
அந்தால மார்கழி எட்டினா
ஜெனிற்றா பெறுவா, பிள்ளையைக் கண்டுட்டுப் போவலாம்.
அதென்ன சராசரி?"
சிலருக்கு இருபது நாள், சிலருக்கு ஒன்றரை வருஷம்.
"ஓ. குட்டையைத் தெறக்காம வெல சொல்லுகான்."

நான் இந்தக் கணக்கை நம்புகிறவன்.
அரசு இதை வாங்கினால் வேறொன்றை வாங்காது;
பணம் ஒரே மடி. அதையும் மறைக்காமல் சொன்னேன்:
உங்களுக்கு ஒரு வருஷம் போடுகிற காசில்
தக்கலையில் பதினொரு பேருக்கு டயாலிசிஸ் ஓடும்.
பதினொரு பேரில் ஒருவர் என் அப்பா
என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவள் கடலைப் பார்த்தாள்.
முதுகில் வெயில், கையில் ஆசாரிப்பள்ளத்துச் சீட்டு
நாலாக மடிந்து வியர்வையில் ஊறியிருந்தது.
"பதினோரு பேரு," என்றாள். "செரி."
அந்தச் செரியை எந்தக் கட்டத்தில் போடுவது?

வள்ளம் மணலில் ஏறும் சத்தம் கேட்டது.
போகிற போக்கில் திரும்பினாள்.
"என்னையும் அவியளையும் எதுக்குத் தட்டில வச்சு நிறுக்க?
வெல சொன்னவன்கிட்ட கேட்டியா,
டீசல் எவ்வளவு ஊத்தினான்னு?
டீசல் கணக்கைக் காட்டாதவன் மீனை
நான் தரையில எறக்க விடமாட்டேன்."

திங்கள்நகர் பஸ்ஸில் அவளுக்கான இடத்தில்
தொண்ணூற்றொன்பது என்று எழுதினேன்.
பதில் இல்லை என்பதன் குறி அது.
மேடு பள்ளத்தில் ஒன்பதுகள் கோணிப் போயின.

ஐப்பசியில் ஒரு காலை போன் வந்தது.
காற்று, காக்கா, யாரோ யாரையோ திட்டுவது,
நடுவில் அவள் குரல், பாதியாக மெலிந்து:
"வெல எறங்கிச்சா?"
பேசிக்கொண்டிருக்கிறார்கள், என்றேன்.
மூன்றாவது கூட்டம் தள்ளிப் போனதைச் சொல்லவில்லை.

"பேசட்டு. ஐஸ் இருக்கதுவரெ மீன் நிக்கும்,"
என்றவள், போனை வைக்க மறந்து,
அந்தப் பக்கம் வேறு யாருக்கோ
ஒருதரம் என்றாள்.